வீட்டுக்குத் தள்ளி ஒரு ஷெட்: மண்வெட்டியைத் தொடும் முன் படிக்க ஒரு பாடம்



சென்ற இதழில் கோழிக்கூடு பற்றிப் பேசினோம். இம்முறை எடுத்திருப்பது பல தோட்டங்களில் எங்களிடம் ஒரே மாதிரியாகக் கேட்கப்பட்ட கேள்வி. "ஐயா, மகன் லீசிங்ல ஆட்டோ எடுத்திருக்கான். மழையில நனையுது, வெயில்ல காயுது. நிப்பாட்டி வைக்க ஒரு ஷெட் போடணும். எங்க போடலாம்?" இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். வேறு சிலருக்கு ஆட்டோ இல்லை. தச்சு வேலை, வெல்டிங் வேலை, சைக்கிள் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் வேலை என்று கொழும்பில் பழகி ஊருக்குத் திரும்பிய பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டும். இரண்டு தேவைக்கும் பாடம் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஷெட் என்றதும் நான்கு கம்பு, ஆறு தகரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று நம் ஆட்கள் கணக்குப் போடுகிறார்கள். தரை மட்டமான ஊரில் அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். நாம் இருப்பது மலையில். இங்கே ஷெட் போடுவது என்றால் முதலில் மலையை வெட்டுவது என்று அர்த்தம்.

நாங்கள் போய்ப் பார்த்த ஓர் இடத்தைச் சொல்கிறோம், தோட்டத்தின் பெயர் வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் எட்டு அடி உயரத்துக்கு மண்மேட்டைச் சுவர் மாதிரி செங்குத்தாக வெட்டி, அந்த மேட்டோடு ஒட்டி ஷெட் போட்டிருந்தார்கள். வெட்டியது மாசி மாதம். மண் காய்ந்து கல் மாதிரி நின்றது. "பாருங்க ஐயா, கடப்பாறை போட்டாக்கூட பேராது" என்று அந்த வீட்டு மாமா எங்களிடமே பெருமையாகச் சொன்னார். ஆனி மாதத்து மழையில் ஓர் இரவு மேடு இறங்கிவிட்டது. வண்டி தகரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் பப்படம் மாதிரி நசுங்கிக் கிடந்தது. அந்த ஷெட்டிலேயே படுத்துப் பழகிய மகன் அன்று இரவு ஹயருக்குப் போயிருந்தான். அதனால் ஆள் தப்பியது. லீசிங் கட்டணம் மட்டும் மாதாமாதம் வந்துகொண்டேயிருந்தது.

ஏன் தள்ளிப் போட வேண்டும்?

லயத்து இஸ்தோப்பை நீட்டி, அதில் வண்டியை ஏற்றி வைப்பவர்கள் அநேகம். கண் முன்னால் இருக்கும், கள்ளன் வரமாட்டான் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். ஆனால் லயம் என்பது ஒரே கூரை. பல பழைய லயங்களில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுச்சுவர் தகரம் வரைக்கும் போகாது. ஒரு காம்பராவில் பிடித்த தீ மேல்பக்கமாக ஓடி வரிசை முழுவதையும் எரித்துவிட்டுத்தான் நிற்கும். லயம் எரிந்த செய்தி நமக்குப் புதிதல்ல. எரிந்தது ஒருவருடைய அடுப்பால், பிள்ளைகளின் புத்தகமும் அடையாள அட்டையும் போனது பத்துக் குடும்பத்துக்கு.

இதில் பெற்றோலின் குணம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது. மேலே எழும்பிப் போகாது, தண்ணீர் மாதிரி தரையோடு பரவும், பள்ளத்தில் தேங்கும். இஸ்தோப்பில் நிற்கும் வண்டியிலிருந்து கசிந்த ஆவி, வாசற்படி வழியாக உள்ளே இறங்கி அடுப்படி வரைக்கும் போகலாம். விறகு அடுப்பு, குப்பி விளக்கு, சாமி விளக்கு எதுவும் போதும். ஆகையால் வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளிப் போடுங்கள் என்பது எங்கள் யோசனை. அடுப்படிப் பக்கம் வேண்டவே வேண்டாம். லயத்தில் இருப்பவர்களுக்கு அவ்வளவு இடம் கிடைப்பது கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் நாலைந்து வண்டிக்காரர்கள் சேர்ந்து, தோட்ட நிர்வாகத்திடம் ரோட்டோரம் ஒரு பொது இடம் கேட்டு வாங்கி, ஒரே ஷெட்டாகப் போடுவதுதான் நல்லது. தனித்தனியாக நாலு இடத்தில் மலையை வெட்டுவதை விட ஒரே இடத்தில் முறையாக வெட்டலாம்.

இடத்தைக் கணக்குப் பார்ப்போம்

தனி வீடு கிடைத்தவர்களில் பலருக்கு 7 பேர்ச்சஸ் காணி. ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. ஏழையும் கூட்டினால் ஏறக்குறைய 1,905 சதுர அடி. இந்திய உதவியில் கட்டிய வீடுகள் 550 சதுர அடி. "அப்ப 1,350 அடி மிச்சம் இருக்கே" என்று துள்ள வேண்டாம். மலசலகூடம், அதன் குழி, தண்ணீர்க் குழாய் போகும் பாதை, நடைபாதை, மேட்டுச் சரிவு எல்லாம் அந்த மிச்சத்துக்குள்தான். துணி காயப்போடும் கொடியும், விறகு அடுக்கும் இடமும், நாலு பாத்தி மரக்கறியும் அதற்குள்தான். இந்தக் கடைசி மூன்றும் வீட்டுப் பெண்களின் இடம். அதனால் ஷெட் எங்கே என்பதை அப்பாவும் மகனும் மட்டும் பேசி முடிவெடுக்க வேண்டாம். கொழுந்து எடுத்துவிட்டு வரும் அம்மாவையும் உட்கார வைத்துக் கேளுங்கள். ஒரு வீட்டில் நாங்கள் அளவு நாடாவோடு நின்றபோது அந்த அக்கா வந்து, "அங்கன போட்டா மலசலகூடக் குழி மேல வண்டி ஏறும், தெரியுதா?" என்றார். எங்களுக்கும் தெரியவில்லை, வீட்டுக்கார அண்ணனுக்கும் தெரியவில்லை. குழி மூடி ஆள் நடக்கப் போட்டது, வண்டி ஏறப் போட்டதல்ல.

சரி, ஷெட் எவ்வளவு பெரிது? நம் தோட்டங்களில் ஓடும் சாதாரண ஆட்டோ ஏறக்குறைய 8 அடி 8 அங்குலம் நீளம், 4 அடி 3 அங்குலம் அகலம், 5 அடி 8 அங்குலம் உயரம். இறங்கி நிற்க ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் கை போக ஒன்றரை அடி. அகலம் 9 அடியைத் தொடும், 10 அடி என்று வையுங்கள். நீளத்துக்கு வண்டி போக, பின்பக்கம் 2 அடியில் ஒரு வேலை மேசை, மேசைக்கும் வண்டிக்கும் நடுவில் ஆள் குனிந்து நிமிர 3 அடி. கூட்டினால் 14 அடி. ஆக உள்ளளவு 10க்கு 14. ஆறு அங்குலக் கல் சுவரோடு வெளியளவு 11க்கு 15. வாசல் 6 அடி அகலம் போதும். தச்சு வேலைக்காரருக்கு வேறு கணக்கு: நீளப் பலகையை மேசையில் வைத்துச் சீவும்போது இரண்டு முனையிலும் இடம் வேண்டும். அகலமான ஷெட்டை விட, இரண்டு முனையிலும் வாசலுள்ள நீளமான ஷெட்தான் அவருக்கு உதவும்.

இதைக் கடுதாசியில் மட்டும் போடாதீர்கள். அடுப்புச் சாம்பலை எடுத்துத் தரையில் கோடு இழுங்கள். பக்கத்து வீட்டுத் தம்பியின் வண்டியை அந்தக் கோட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தி, திருப்பி, வெளியே எடுத்துப் பாருங்கள். ஆட்டோ திரும்ப ஏறக்குறைய 10 அடி ஆரம் வேண்டும். ரோட்டிலிருந்து ஷெட்டுக்கு வரும் பாதை 8 அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏறக்கூடாது. ரோட்டுக்கும் முற்றத்துக்கும் 3 அடி உயர வித்தியாசம் என்றால் பாதை 24 அடியாவது ஓட வேண்டும். மழையில் பாசி பிடித்த பாதையில் வண்டி பின்னுக்கு வழுக்குவதை அப்போதுதான் தவிர்க்கலாம்.

சரிவை அளக்கும் வித்தை

பாடத்தின் முக்கியமான பாகம் இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நேரான 4 அடிக் கம்பு ஒன்று எடுங்கள். ஒரு முனையைச் சரிவில் தரையோடு வைத்து, மறுமுனையைப் பள்ளப் பக்கம் நீட்டி மட்டமாகப் பிடியுங்கள். பாதி தண்ணீர் ஊற்றி மூடிய போத்தலைக் கம்பின் மேல் படுக்க வைத்தால் மட்டம் தெரியும். நீட்டிய முனையிலிருந்து நிலம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளவுங்கள். ஓர் அடி என்றால் உங்கள் நிலம் நாலுக்கு ஒன்று சரிவு. இரண்டு அடி என்றால் இரண்டுக்கு ஒன்று.

இப்போது வெட்டப்போகும் மேட்டைக் கணக்குப் பார்ப்போம். நாங்கள் சொல்லும் விதி: மேடு எவ்வளவு உயரமோ, குறைந்தது அவ்வளவு தூரம் ஷெட் மேட்டிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். நாலுக்கு ஒன்று சரிவில், ஷெட்டின் நீளப் பக்கத்தை மலைக்கு ஒத்தாற்போல், அதாவது தேயிலை வரிசை ஓடுகிற மாதிரி வைத்தால், மலைக்குள் போவது 11 அடி. இடைவெளியையும் சேர்த்து வெட்டும்போது மேடு 3 அடி 8 அங்குலம் வரும். அதே ஷெட்டை மலையைக் குத்துகிற மாதிரி 15 அடி உள்ளே போக வைத்தால் மேடு 5 அடியாகிவிடும். ஷெட் அதேதான், திருப்பி வைத்ததில் ஓர் அடிக்கு மேல் மேடு கூடிவிட்டது. நீளவாக்கில் வைத்தால் வண்டி வரும் பாதையும் மலைக்கு ஒத்தே வரும், ஏற்றமும் குறையும்.

இரண்டுக்கு ஒன்று சரிவில் இதே கணக்கைப் போடுங்கள். நீளவாக்கில் வைத்தாலும் மேடு 11 அடி. இங்கே நாங்கள் சொல்வது ஒன்றுதான்: அந்த இடத்தில் போடாதீர்கள். மேடு 4 அடிக்கு மேல் வரும் எந்த இடத்திலும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்க்காமல் ஒரு கூடை மண்ணும் எடுக்க வேண்டாம்.

"வெட்டுன மண்ணைப் பள்ளப் பக்கம் கொட்டி மட்டமாக்கி, பாதி ஷெட்டை அதுமேல போட்டா மேடு பாதியாகுமே?" என்று கேட்பார்கள். ஆகும். ஆனால் கொட்டிய மண் தண்ணீர் குடித்தால் இறங்கும். ஒரு பாதி கெட்டி நிலத்திலும் மறு பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும் சுவர் நடுவில் பிளக்கும். மேலும் அந்த மண் கீழ் வீட்டுக்காரரின் கூரைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கொட்டிய மண்ணில் வாழை நடலாம், புல் போடலாம், சுவர் எழுப்பக்கூடாது.

மேட்டை ஒருபோதும் செங்குத்தாக வெட்டாதீர்கள். பின்னுக்குச் சாய்த்து வெட்டி, உடனே புல் பதியுங்கள். வெட்டிவேர் வைத்தால் இன்னும் நல்லது. கல்லணை கட்டுவதானால் அணைக்குப் பின்னால் சல்லி நிரப்பி, தண்ணீர் வெளியேற நாலைந்து அடிக்கு ஒரு குழாய்த் துண்டு விடுங்கள். ஓட்டையில்லாத அணை, தண்ணீர் சேரச் சேர வயிறு ஊதி ஒருநாள் விழும்.

அப்புறம் கான். கான் வெட்டுவதை உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. மலையில் கான் எப்படி ஓட வேண்டும் என்பது எங்கள் எஞ்சினியரை விட உங்களுக்கே நன்றாகத் தெரியும். ஆனால் தோட்டத்துத் தேயிலைக்கு அத்தனை ஒழுங்காகக் கான் வெட்டும் கை, சொந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு கானும் வெட்டுவதில்லை. மேட்டின் தலைக்கு மேலே ஒரு கான், மேட்டின் அடியில் ஒரு கான், இரண்டும் தோட்டத்தின் பெரிய கானில் போய்ச் சேர வேண்டும். அடுத்த வீட்டு முற்றத்தில் விட்டால் தண்ணீரும் போகும், உறவும் போகும்.

மலை பேசும் அடையாளங்கள்

நிலத்தில் புதிதாக நீள வெடிப்பு. மரம், லைட் போஸ்ட் சாய்ந்திருப்பது. நேற்று வரை லேசாகத் திறந்த கதவு இன்று இறுகுவது. இல்லாத இடத்தில் ஊற்று வருவது, இருந்த ஊற்று திடீரென்று நிற்பது, தெளிந்த ஊற்று கலங்குவது. இதில் ஒன்று இருந்தாலும் அங்கே ஷெட் பேச்சே வேண்டாம், வீட்டைப் பற்றியே யோசிக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பரில் டிட்வா புயலின்போது மலையகம் முழுவதும் மண் சரிந்ததையும் இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

கடுதாசி வேலை

"துரைகிட்ட சொல்லியாச்சு, போடச் சொல்லிட்டாரு." இந்தப் பேச்சை நம்பி சீமெந்து இறக்க வேண்டாம். துரை மாறுவார். புதிதாக வருபவர் கடிதத்தைத்தான் கேட்பார். தோட்டத்துக் காணியில் போடுவதென்றால் முகாமையாளரின் கையொப்பத்தோடு, இடத்தின் சிறு வரைபடத்தோடு, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் தோட்டத்து வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தில் கேளுங்கள், எங்கள் நலன்புரி உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். அடுத்தது பிரதேச சபை. ரோட்டிலிருந்தும் எல்லையிலிருந்தும் எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை அங்கேயுள்ள தொழில்நுட்ப உத்தியோகத்தர் சொல்வார். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி போன்ற மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் இடப் பரிசோதனையும் கேட்கப்படும். இதை அலைச்சல் என்று நினைக்கிறீர்கள். எங்களுக்கும் சில நேரம் அப்படித்தான் தோன்றும், ஒரு கையொப்பத்துக்கு மூன்று பஸ் மாறிப் போகும்போது. இருந்தாலும் உங்கள் மேட்டை ஒரு நிபுணர் வந்து பார்க்கும் ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

காசு

விலைகளை நாங்கள் எழுதவில்லை. எழுதி அச்சாவதற்குள் மாறிவிடும். ஆனால் கணக்கு எழுதும் முறையைச் சொல்கிறோம். ஒரு கொப்பியில் இடது பக்கம் ஷெட்டுக்கு ஆகும் செலவு. வலது பக்கம் ஷெட்டால் மாதம் எவ்வளவு மிச்சமாகும், எவ்வளவு வரும் என்பது. வண்டி நனையாமல் இருப்பதால் காசு வராது, ஆனால் சீட்டும் ஹூட்டும் கூடுதல் காலம் உழைக்கும். மகன் அங்கேயே சிறு ரிப்பேர் செய்தால் கராஜ் கூலி மிச்சம். வலது பக்கம் காலியாக இருந்தால், கடன் வாங்கிப் போடும் நேரமல்ல அது. லீசிங் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கடன், அதுவும் வாராவாரம் கட்டும் கடன், எத்தனை வீட்டில் தோட்டை அடகுக்கடைக்கு அனுப்பியது என்று உங்களுக்கே தெரியும். சேமலாப நிதியில் கை வைப்பதையும் நாங்கள் விரும்பவில்லை. அது வயதான காலத்துச் சோறு.

கடன் இல்லாமல் போட ஒரு வழி, கட்டம் கட்டமாகப் போடுவது. முதல் வருடம் கான், தரை, தூண், கூரை. அடுத்த வருடம் 3 அடிக்குக் கல் சுவர், அதற்கு மேல் பலகை அல்லது தகரம். கதவு கடைசியில். வண்டி முதல் வருடமே நனையாது.

வேலை தொடங்கும்போது

ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கத்துக்கு தை முதல் பங்குனி வரை மண் வேலைக்கு ஏற்ற காலம். பதுளை, பண்டாரவளை பக்கத்தார் ஆனி முதல் ஆவணி வரை பார்க்கலாம். அவர்களுக்கு மார்கழி, தை மழை கடுமை. வெட்டிய மேட்டைப் புல் பதிக்காமல் மழைக்குக் காட்டக்கூடாது என்பதால்தான் இந்தக் கணக்கு.

மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மூலையிலிருந்து ஒரு கயிற்றில் 6 அடி, மறு கயிற்றில் 8 அடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுவில் சரியாக 10 அடி இருந்தால் மூலை சதுரம். மட்டம் பார்க்கத் தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் பிடித்தால் போதும். அத்திவாரம் கருங்கல்லில், ஒன்றரை அடியாவது இறங்க வேண்டும், அதற்குள் கெட்டி மண் வராவிட்டால் வரும்வரை இறங்க வேண்டும்.

வண்டி நிற்கும் தரைக்கு 4 அங்குலக் கொங்கிறீட். ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நாலு பங்கு சல்லி. 10க்கு 14 அடித் தரைக்கு 50 கிலோ சீமெந்து 8 அல்லது 9 மூட்டை, மணல் கால் கியூப்புக்குள், சல்லி அரைக் கியூப்புக்குள் முடியும். யாராவது 15 மூட்டை கேட்டால் ஏன் என்று கேளுங்கள். தண்ணீரைக் கூட ஊற்றிக் குழைத்தால் வேலை இலேசு, தரை பலவீனம். போட்டபின் ஒரு கிழமைக்கு ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள். பின்சுவரிலிருந்து வாசலுக்கு 2 அங்குலம் இறக்கம் இருக்கட்டும். சிந்தும் எண்ணெயை மரத்தூள் போட்டு அள்ளுங்கள், கானில் கழுவி விடாதீர்கள். கீழே யாரோ அந்தத் தண்ணீரில் குளிக்கிறார்கள்.

கூரையில் நாங்களே ஒரு பிழை செய்திருக்கிறோம். ஆரம்பத்தில் நாங்கள் வரைந்து கொடுத்த சில படங்களில் கூரைச் சரிவு மேட்டுப் பக்கம் இருந்தது. முன்பக்கம் உயரமாக, பார்க்க அழகாக இருந்தது. கூரைத் தண்ணீர் முழுவதும் மேட்டின் அடியில் விழுந்து அதை அரித்தது. அந்தப் படம் யாரிடமாவது இருந்தால் கிழித்துப் போடுங்கள். 12க்கு 16 அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறக்குறைய 1,800 லீற்றர் தண்ணீர், அதாவது ஒன்பது பெரிய பீப்பாய். அதை மேட்டுக்கு எதிர்ப்பக்கம் விழவிட்டு, பீலி வைத்துப் பிடித்து, பீப்பாயிலோ பெரிய கானிலோ விடுங்கள்.

காற்றுக்குக் கல்லும் பழைய டயரும் ஏற்றி வைப்பது நம் வழக்கம். ஆடிக் காற்றில் அந்தக் கல்லே பறந்து வரும். கைமரத்தை வளையோடும், வளையைத் தூணோடும் இரும்புப் பட்டியால் பிணையுங்கள். மரத்துக்கு டர்பன்டைன் கம்பு போதும், ஆனால் மண்ணில் புதைக்காமல் கொங்கிறீட் பாதத்தில் நிறுத்துங்கள், கறையான் எளிதில் ஏறாது. பழைய அஸ்பெஸ்டஸ் சீட் சும்மா கிடைக்கிறது என்று வாங்கி அறுக்க, உடைக்க வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்து நோயாக வரும்.

சுவரில் மேலே மட்டுமல்ல, தரையோடு ஒட்டியும் காற்றுத் துவாரம் விடுங்கள், எலி நுழையாமல் வலை அடித்து. பெற்றோல் ஆவி கீழேதான் நிற்கும் என்று முன்னால் சொன்னது இதற்காகத்தான். கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிடக்கூடாது. அந்தப் புகையில் மணமில்லாத நஞ்சு ஒன்று இருக்கிறது, தூக்கம் மாதிரி வந்து ஆளை எடுத்துவிடும். போத்தலில் பெற்றோல் சேமிப்பதும் வேண்டாம், சோடாப் போத்தல் என்று பிள்ளை எடுத்துக் குடித்த கதைகள் உண்டு.

கரண்ட்டை ஜன்னல் வழியாக வயர் இழுத்துக் கொண்டுபோகாதீர்கள். அனுமதி பெற்ற எலக்ட்ரீஷியன், தனி வயர், எர்த், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச். ஈரத் தரையில் நின்று கிரைண்டர் பிடிப்பவரின் உயிர் அந்தச் சுவிட்சில் இருக்கிறது. வெல்டிங் பிளான்ட் போடுவதானால் மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள், வீட்டு லைன் அதைத் தாங்காது.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது, செலவில்லாதது. நேரான பக்கமுள்ள பெரிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் தலையை வெட்டி, தலைகீழாக அதன் வாயிலேயே புனல் மாதிரி வையுங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகும் இடம் வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூச்சியம் என்று கோடு போடுங்கள். அதிலிருந்து ஏழரை, பத்து, பதினைந்து சென்ரிமீற்றரில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புக் கோடுகள். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் ஒரு கம்பில் கட்டுங்கள். தினமும் காலையில் பெரட்டுக்குப் போகும் முன் பார்த்துவிட்டு, பூச்சியக் கோடு வரை மட்டும் தண்ணீரை வைத்து மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள். 24 மணி நேரத்தில் மஞ்சளைத் தொட்டால் விழிப்பாக இருங்கள், மேட்டையும் கானையும் போய்ப் பாருங்கள். செம்மஞ்சளைத் தொட்டால் வண்டியை ரோட்டுக்கு எடுத்துவிட்டு, பையைக் கட்டி வையுங்கள், ஷெட்டில் யாரும் படுக்க வேண்டாம். சிவப்பைத் தொட்டால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் மஞ்சளைத் தொட்டால், வீட்டை விட்டு இறங்குங்கள். வெடிப்போ கலங்கிய ஊற்றோ கண்ணில் பட்டால் போத்தலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே இறங்குங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதை ஷெட் கதவில் பெரிதாகப் பெயின்ட்டில் எழுதி வையுங்கள்.